‘நான் அம்மா’ என்று இங்கிலீஷில் எழுதியது

நான் வேலையை விட்டு வீட்டுக்கு வந்த பிறகும், ஆபீஸில் என் மேசையில் இப்போது உட்கார்ந்திருக்கும் பிள்ளை மாதத்துக்கு ஒரு தடவையாவது போன் எடுப்பாள். கேள்வி எப்போதும் ஒன்றுதான். “மிஸ், இந்த எடத்துல 'a' வருமா, 'the' வருமா?” நான் பதில் சொல்வேன், அவள் குறித்துக்கொள்வாள். போன வாரம் மட்டும் வேறு மாதிரிக் கேட்டாள்.

“நீங்க எப்பவாவது பிழையா போட்டிருக்கீங்களா மிஸ்?”

போட்டிருக்கிறேன், ஆனால் அது போனில் சொல்லி முடிகிற கதையல்ல, எழுதித் தருகிறேன் என்றேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எஹலியகொடைக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீஸில் நான் டைப்பிஸ்டாக இருந்தேன். தொண்ணூற்றிரண்டில் தோட்டங்கள் கம்பெனிகளின் கைக்குப் போனபோது ஆட்களைக் குறைத்தார்கள். குறைத்தவர்களில் நானும் ஒருத்தி. இரத்தினபுரியில் மன்சூர் சேர் என்று ஒரு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். கல் பட்டை தீட்டும் கடை ஒன்றின் மேல்மாடியில் அவருடைய ஆபீஸ். தமிழ், சிங்களம், இங்கிலீஷ் மூன்றுக்கும் அவரிடம் முத்திரை இருந்தது. ஒரு பக்கத்துத் தமிழ்க் கடிதத்தைக் கொடுத்து இங்கிலீஷில் எழுதச் சொன்னார். தோட்டத்தில் தொரையின் கடிதங்களை டைப் பண்ணிப் பழகின கை, கண்ட இடத்திலெல்லாம் 'the' போட்டு வைத்தேன். ஊர் பெயருக்கு முன்னாலும் ஒன்று.

அவர் வாசித்துவிட்டு, “மிஸ் சரோஜா, இரத்தினபுரிக்கு முன்னுக்கு ஒன்னும் வேணாம். அதுக்குப் பேர் இருக்கு” என்றார். அடுத்த நாள் வேலைக்கு வரச் சொன்னார்.

முதல் மூன்று வருஷம் பிறப்புச் சான்றிதழும் விவாகச் சான்றிதழும்தான். அவற்றில் இந்தச் சின்னச் சொற்களுக்கு வேலையே கிடையாது. பெயர், திகதி, தோட்டம், பிரிவு, அவ்வளவுதான். வெளிநாட்டு வேலைக்குப் போகிற பெண்கள் வரிசையாக வருவார்கள். டைப் பண்ணி, முத்திரை குத்திக் கொடுத்தால் முடிந்தது. கடிதங்களும் வாக்குமூலங்களும் கைக்கு வந்த பிறகுதான் கஷ்டம் தெரிந்தது.

சேருக்கு ஒரு முறை இருந்தது. முதல் பிரதியில் 'a' 'the' எதையும் டைப் பண்ணக் கூடாது. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் மூன்று எழுத்துக்கு இடம் விட வேண்டும். அந்தத் தாளைப் பார்த்தால் பல் விழுந்த வாய் மாதிரி இருக்கும். பிறகு கடிதத்துக்குச் சொந்தக்காரரை எதிரில் உட்கார வைத்து ஒவ்வொரு இடைவெளிக்கும் கேள்வி கேட்பார். “இது எதுன்னு வாசிக்கிறவங்களுக்குத் தெரியுமா?” தெரியும் என்றால் சிவப்புப் பென்சிலால் 'the'. தெரியாது என்றால் 'a'. ஆட்களுக்குச் சலிப்பு வரும். சிலர் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். சேர் அவசரப்பட மாட்டார். கண்ணாடியைக் கழற்றி, கட்டியிருந்த சாரத்தின் நுனியால் துடைத்துவிட்டு, அதே கேள்வியை அதே குரலில் மறுபடி கேட்பார். எல்லாம் முடிந்து சுத்தப் பிரதி எடுத்த பிறகு, எழுதியவர் அல்லாத இன்னொருவர் அதை வாசிக்க வேண்டும். நான் எழுதினால் அவர், அவர் எழுதினால் நான். இரண்டாவது வாசிப்பு இல்லாமல் முத்திரைப் பெட்டி திறக்காது.

ஒரு தடவை கல் வியாபாரி ஒருவர் வந்தார். தரகர் ஒருவரிடம் கொடுத்த நீலக்கல் திரும்பி வரவில்லை, வக்கீலுக்கு விவரம் எழுத வேண்டும். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அவர் போன பிறகு சேர் என்னைக் கூப்பிட்டார்.

“மொதல்ல என்ன சொன்னாரு? 'கல்லு குடுத்தேன்'னாரு. பொறகு?”

“'கல்லக் கேட்டேன்'னாரு சேர்.”

“ஆ. மொதல்ல வந்தது 'a', ரெண்டாவது வந்தது 'the'. நம்ம தமிழ்லயும் 'கல்ல'ன்னு சில எடத்துல ஒரு வால் தொங்கும். ஆனா எல்லா எடத்துலயும் தொங்காது. தொங்காத எடத்துல சிங்களத்துல சொல்லிப் பாருங்க.”

அது எனக்குக் கைகொடுத்தது. நம் பக்கத்தில் சிங்களம் தெரியாதவர்கள் யார்? 'கெதர' என்றால் இருவருக்கும் தெரிந்த அந்த வீடு, 'கெதரக்' என்றால் ஏதோ ஒரு வீடு. சிங்களத்தில் அந்த வித்தியாசம் சொல்லின் வாலில் இருக்கிறது, இங்கிலீஷில் தலையில் இருக்கிறது. அதற்குப் பிறகு எத்தனையோ கடிதங்களை மனதுக்குள் சிங்களமாக்கிப் பார்த்துத்தான் இங்கிலீஷில் எழுதியிருக்கிறேன். பிழை போகாது என்ற தைரியம் வந்துவிட்டது.

பாக்கியம் அக்கா ஆபீஸ் படி ஏறி வந்தது இரண்டாயிரத்து நான்கில், ஒரு சனிக்கிழமை. கஹவத்தைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். என்னைவிட இரண்டு வயது மூப்பு. கையில் வெளிநாட்டு முத்திரை ஒட்டிய கடித உறை, தோட்டத்து ஆபீஸ் வழியாக வந்தது. அதைச் சேலைத் தலைப்பில் சுற்றிப் பிடித்திருந்தார்.

“இங்கிலீஷ்ல இருக்குங்க மிஸ். தோட்டத்துல யாருகிட்டயும் காட்ட மனசு வரல.”

சுவீடனிலிருந்து லீனா என்ற பத்தொன்பது வயதுப் பெண் எழுதியிருந்தாள். தன்னைக் குழந்தையாக இலங்கையிலிருந்து தத்தெடுத்தார்கள் என்றும், பழைய பத்திரங்களில் பாக்கியம் என்ற பெயரும் தோட்டத்தின் பெயரும் இருந்தன என்றும் எழுதியிருந்தாள். நான் தமிழில் வாசித்துக்கொண்டே போனேன். ‘எனக்கு இங்கே அம்மா இருக்கிறார், பெயர் இங்கிரிட். அவர் மேல் எனக்கு உயிர். நான் வேறு அம்மாவைத் தேடி எழுதவில்லை. என்னைச் சுமந்த பெண்ணைத் தெரிந்துகொள்ள ஆசை. நீங்கள் பதில் எழுதாவிட்டாலும் எனக்குக் கோபம் வராது.’ கடைசியில், ‘எனக்கு மழைச் சத்தம் கேட்டால்தான் நன்றாகத் தூக்கம் வரும், ஏன் என்று தெரியவில்லை’ என்று ஒரு வரி.

அந்த வரியை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார் பாக்கியம் அக்கா. பிறகு, “இவ பொறந்து பதினோரு நாளு விடாம மழைங்க” என்றார்.

மிச்சத்தை அவராகவே சொன்னார். வயிற்றில் லீனா இருக்கும்போது மண் சரிந்து வீட்டுக்காரர் போய்விட்டார். ஏற்கெனவே இரண்டு பையன்கள். சிங்களப் பெண்மணி, ஒரு நோனா, வந்து பேசினார், பிள்ளை நல்ல இடத்தில் வளரும் என்றார். பாக்கியம் அக்கா கைநாட்டு வைத்தார். “யாரும் ஏமாத்தலங்க. நான்தான் குடுத்தேன்.” அழவில்லை. சொல்லி முடித்துவிட்டு, “அந்த அம்மா பேரு என்ன சொன்னீங்க? இங்கிரிட்டா?” என்று கேட்டு, அந்தப் பெயரை இரண்டு மூன்று தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்.

அன்றைக்கே பதில் எழுத வேண்டும் என்றார். மறுபடி லீவு போட்டு வர முடியாது. மன்சூர் சேர் கண்ணில் சத்திரசிகிச்சைக்காகக் கொழும்பில் இருந்தார், வர மூன்று வாரம் ஆகும். அவசரத்துக்கு என்று முத்திரைப் பெட்டியின் சாவியை என்னிடம் விட்டுப் போயிருந்தார். நான் எழுத உட்கார்ந்தேன்.

பாக்கியம் அக்கா சொன்னது அதிகமில்லை. தான் சுகம், பையன்கள் சுகம், பெரியவன் கொழும்பில் கடையில் நிற்கிறான். கடைசியாகத் தலையைக் குனிந்துகொண்டு, மெதுவாகச் சொன்னார்.

“ஒன்னைய வளத்தவங்களுக்கு என் கும்புடு. நான் அம்மா. அத மட்டும் தெரிஞ்சிக்கிட்டா போதும்.”

‘நான் அம்மா.’ இங்கிலீஷில் அந்த அம்மாவுக்கு முன்னால் ஏதாவது ஒன்று வர வேண்டும். 'உன் அம்மா' என்று அவர் சொல்லவில்லை. சொல்லாத சொல்லைச் சேர்ப்பது எங்கள் தொழிலில் குற்றம், அதனால் 'your' போடவில்லை. யார் என்று எழுதுகிறவருக்கும் தெரியும், வாசிக்கிறவளுக்கும் தெரியும். அப்படியானால் 'the'. சேரின் கேள்விக்குச் சரியான பதில். மனதில் ஒரு சின்னச் சந்தேகமும் வரவில்லை. I am the mother என்று டைப் பண்ணி, நானே ஒரு தடவை வாசித்து, முத்திரை குத்தி, கீழே தபால் கந்தோரில் பாக்கியம் அக்கா கையாலேயே பெட்டியில் போட வைத்தேன். பதில் வருவதற்கு எங்கள் ஆபீஸ் விலாசத்தைக் கொடுத்திருந்தோம்.

பதில் வரவில்லை.

இரண்டாம் மாதம் பாக்கியம் அக்கா வந்தார். வாசலிலேயே நின்று முகத்தைப் பார்த்தார். நான் இல்லை என்று தலையாட்டினேன், போய்விட்டார். தீபாவளி கழித்து ஒரு பேக் நிறைய முறுக்கு கொண்டுவந்தார். அதற்குப் பிறகு கடிதத்தைப் பற்றிக் கேட்பதையே விட்டுவிட்டார். “டவுனுக்கு வந்தேன், சும்மா எட்டிப் பாத்தேங்க” என்பார். கஹவத்தையிலேயே கிடைக்காத எந்தச் சாமானுக்காக ஒருவர் சும்மா இரத்தினபுரிவரை வருவார்? தேநீர் வரவழைத்துக் கொடுப்பேன். குடித்துவிட்டு, கோப்பையைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போவார்.

இப்படி எட்டு மாதம். அந்தப் பெண்ணுக்கு மனம் மாறியிருக்கும், வேறென்ன என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் மன்சூர் சேர் பழைய பிரதிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். புதுக் கண்ணாடி வந்த பிறகு அவருக்கு எதையும் எடுத்து வாசிக்க ஆசை. ஒரு தாளில் நின்றுவிட்டார்.

“மிஸ் சரோஜா, இத ரெண்டாவது தடவ யார் வாசிச்சது?”

“யாரும் வாசிக்கல சேர். நீங்க கொழும்புல இருந்தீங்க.”

கடைசி வரியை இங்கிலீஷிலேயே சத்தமாக வாசித்தார். I am the mother. It is enough if you know only that. அவர் குரலில் கேட்டபோது அது அதட்டுவது மாதிரி இருந்தது.

“இதச் சொன்னப்ப அவங்க குரல் எப்படி இருந்திச்சு?”

“மெதுவா சேர். தலைய குனிஞ்சிக்கிட்டு.”

“இதுல அந்தக் குரல் இல்லியே.”

நான் வாதாடினேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. “யாருன்னு ரெண்டு பேருக்கும் தெரியும்தானே சேர்? நீங்க சொன்ன மாதிரிதானே போட்டேன்?”

அவர் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்து என் மேசைக்கு எதிரில், ஆட்கள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார்.

“நான் சொன்னதுல பாதிதான் இருக்கு. தெரிஞ்சா மட்டும் போதாது, அது ஒன்னே ஒன்னா இருக்கணும். அந்தப் பிள்ளைக்கு ரெண்டு பேர் இருக்காங்க. ரெண்டு இருக்கிற எடத்துல ஒன்ன மட்டும் 'the'ன்னு சொன்னா, மத்தவங்க இல்லன்னு ஆகிடும். எனக்கு ஒரு அம்மா இருக்காங்கன்னு அந்தப் பிள்ள எழுதினதுக்கு, 'இல்ல, நான்தான் அம்மா'ன்னு நாம பதில் அனுப்பியிருக்கோம்.”

நாம என்றார். நீங்க என்றுதான் சொல்லியிருக்க வேண்டும்.

“இப்ப என்ன செய்றது சேர்?”

“மொதல்ல அவங்ககிட்ட சொல்லணும். எழுதின நீங்கதான் போய்ச் சொல்லணும்.”

ஞாயிற்றுக்கிழமை கஹவத்தைக்குப் பஸ் ஏறினேன். அங்கிருந்து தோட்டத்துக்கு இன்னொரு பஸ், பிறகு மேட்டில் நடை. வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தேன். வரிசை வீடுகளான லயத்து வாசலில் பாக்கியம் அக்கா விறகு பிளந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கத்தியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார். கடிதம் வந்துவிட்டது என்று நினைத்திருக்கிறார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல வேண்டியிருந்தது.

“கடிதம் வரல அக்கா. வராததுக்கு நான்தான் காரணம்னு சொல்ல வந்தேன்.”

உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். ஒரு சின்னச் சொல்லின் பிழையை, எழுதப் படிக்கத் தெரியாத ஒருவருக்கு, அவருக்குத் தெரியாத பாஷையில் எப்படி விளக்குவது? சிங்களத்தைத்தான் பிடித்தேன்.

“சிங்களத்துல 'அம்மா'ன்னா யாரு?”

“அம்மாதான்.”

“'அம்மா கெனெக்'னா?”

“யாரோ ஒரு அம்மா. ரெண்டு பேர் இருந்தா அதுல ஒருத்தர்.” சொன்ன உடனே நிறுத்தினார். என்னைவிட வேகமாக அவருக்குப் புரிந்துவிட்டது. “நீங்க எதப் போட்டீங்க மிஸ்?”

“மொதல்ல சொன்னத அக்கா. ஒரே அம்மாங்கிற மாதிரி.”

விறகுத் தூசியைக் கையிலிருந்து தட்டினார். என்னைத் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கடைசியில் கேட்டார்.

“அந்த இங்கிரிட் அம்மா இத வாசிச்சிருப்பாங்களா?”

“வாசிச்சிருப்பாங்க.”

“எட்டு மாசமா?” என்று கையால் வாயைப் பொத்திக்கொண்டார். “என்னைய பத்தி என்ன நெனச்சாலும் பரவால்லங்க. அவங்க தூங்கியிருக்க மாட்டாங்களே.”

அவ்வளவு நாள் கேட்காத ஒன்றை அப்போது கேட்டேன். “ஏன் அக்கா அன்னிக்கு 'உன் அம்மா'ன்னு சொல்லல? சொல்லியிருந்தா இந்தப் பிழையே வந்திருக்காது.”

“வாய் வரலங்க. குடுத்துட்டேனே.”

அவர் எழுந்து தேநீர் ஊற்றினார். எனக்கு முன்னால் கோப்பையை வைக்கும்போது, “அங்கயும் ஒரு அம்மா, இங்கயும் ஒரு அம்மா. அப்படி எழுத முடியுமாங்க?” என்றார்.

“முடியும். ரெண்டுக்கும் ஒரே சொல்தான் வரும்.”

“ரெண்டுக்கும் ஒன்னா?”

“ரெண்டுக்கும் ஒன்னு.”

“அப்ப அப்படியே எழுதுங்க.”

அந்த வாரம் இரண்டாவது கடிதம் போனது. அதோடு நான் என் பெயரில் ஒரு தாள் எழுதினேன். முதல் கடிதத்தின் கடைசி வரி பாக்கியம் அம்மாவுடையதல்ல, அதிலுள்ள 'the' அவர் சொல்லாதது, மொழிபெயர்த்த என் பிழை, தமிழில் அந்தச் சொல் கிடையாது என்று. எழுதிவிட்டுச் சேரிடம் கொடுத்தேன். சத்தியப்பிரமாணம் பண்ணின ஆபீஸ் தன் பிழையைத் தானே எழுதிக் கொடுப்பது சின்ன விஷயமல்ல. அந்தத் தாள் வேறு யார் கைக்காவது போனால் நாளைக்கு எங்கள் முத்திரையை யார் நம்புவார்கள்? சேர் இரண்டு தடவை வாசித்தார். ஒரு இடத்தில் 'a'வை 'the' ஆக்கினார். பிறகு என் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தையும் வைத்து, “முத்திர என்னோடது” என்றார்.

ஐந்தாவது வாரம் தடித்த உறை ஒன்று வந்தது. உள்ளே இரண்டு கடிதங்கள். லீனா, தான் பதில் எழுதப் பயந்துபோனதாக எழுதியிருந்தாள். இரண்டு பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள் என்று நினைத்தாளாம். இங்கிரிட்டின் கடிதம் சின்னது. ‘பத்தொன்பது வருஷமாக இப்படி ஒரு வரி என்றைக்காவது வரும் என்று பயந்துகொண்டிருந்தேன். வந்தபோது நம்பிவிட்டேன். உங்களைச் சந்தேகப்பட்டதற்கு மன்னியுங்கள். நாங்கள் வரலாமா?’ அதை வாசித்துக் காட்டியபோதுதான் பாக்கியம் அக்கா அழுதார். எட்டு மாதத்துக்கும் சேர்த்து அழுதார். சேர் எழுந்துபோய் ஜன்னலருகில் நின்றார்.

அடுத்த வருஷம் ஆகஸ்டில் அவர்கள் வந்தார்கள். பேச்சை மொழிபெயர்க்க நானும் கூடப் போனேன். லீனா உயரமாக, பாக்கியம் அக்காவின் அதே நெற்றியோடு இருந்தாள். லயத்து அறையில் நல்ல பாய் விரித்து, இரவல் நாற்காலி இரண்டு போட்டிருந்தார்கள். முதல் அரைமணி நேரம் கஷ்டமாகத்தான் இருந்தது. பயணம் சுகமா, சாப்பிட்டீர்களா என்பதைத் தாண்டி ஒருவருக்கும் பேச வரவில்லை. பாக்கியம் அக்கா லீனாவைத் தொடவேயில்லை. இங்கிரிட் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார். தேநீரை எல்லோரும் கையில் வைத்திருந்தோம், யாரும் குடிக்கவில்லை.

வாசலில் லயத்துச் சனம் கூடிவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்துக் கேட்டாள். “யாரு அக்கா வந்திருக்கிறது?”

பாக்கியம் அக்கா யோசிக்கவேயில்லை.

“எம் மகளும் அவங்க அம்மாவும்.”

லீனா என் பக்கம் திரும்பி, என்ன சொன்னார் என்று கேட்டாள். இங்கிலீஷில் சொன்னேன். 'a'வும் வேண்டியிருக்கவில்லை, 'the'யும் வேண்டியிருக்கவில்லை. இங்கிரிட் கைப்பையைக் கீழே வைத்தார். நாற்காலியை விட்டு எழுந்து, பாயில் பாக்கியம் அக்காவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். கொழுந்துக் கறை ஏறிய விரல்கள். அவற்றை ஒவ்வொன்றாகத் தடவினார். பாக்கியம் அக்கா கையை இழுத்துக்கொள்ளவில்லை.

லீனாவும் கீழே இறங்கி அவர்களுக்கு எதிரில் உட்கார்ந்தாள். அந்த வரியைத் தமிழிலேயே சொல்லித் தரும்படி என்னிடம் கேட்டாள். நான் சொன்னேன். “எம் மகலும்” என்றாள்.

பாக்கியம் அக்கா சிரித்துவிட்டார். அன்றைக்கு முதல் தடவையாக அவள் முகத்தைத் தொட்டு, நாடியைப் பிடித்து நிமிர்த்தினார்.

“மகலு இல்ல. மகள். நாக்க மடிச்சுச் சொல்லு.”

“மகல்.”

“மகள்.”

எத்தனை தடவை என்று தெரியாது, சரியாக வரும்வரை சொல்ல வைத்தார். வாசலில் நின்ற பெண்களும் சேர்ந்து சொல்லிக்கொடுத்தார்கள். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நான் ஆறிப்போன தேநீரை எடுத்துக் குடித்தேன்.